தையல் ஆறிய பிறகு

“பிழைச்சிருவான்லா டாக்டர்?”

இதயக் கோளாறோடு பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடிவரும் தகப்பனுக்கு அந்த நேரத்தில் வேறு கேள்வி இருக்காது. இருக்கவும் முடியாது. அடுத்த கேள்வி வர ஆறேழு வருஷம் ஆகும். அதுவும் இதய மருத்துவரிடம் வராது, பள்ளிக்கூட வாசலில் டீச்சரிடம் வரும். “கூடப் படிக்கிற பிள்ளைக எல்லாம் எழுத்துக்கூட்டி வாசிக்குது. இவனுக்கு மட்டும் ஏன் ஏற மாட்டேங்கு?” பச்சைக் குழந்தையில் நடந்த ஆபரேஷனை அப்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தழும்பு சட்டைக்குள் இருக்கிறது. பையன் ஓடுகிறான், விளையாடுகிறான். இதயம் சரியாகிவிட்டது என்று சீட்டில் எழுதியிருக்கிறது.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையே உறவு உண்டு என்பதை மருத்துவ உலகம் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில்தான் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டது. பெரிய நகரங்களின் இதய மருத்துவர்கள் இன்று இதை அறிவார்கள். திருநெல்வேலியிலிருந்து முன்னீர்பள்ளம், மேலச்செவல் தாண்டிப் பத்தமடைக்குப் போகும் சாலையில் இருக்கிற வீடுகளுக்கும், அந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கும் இது வந்து சேர வேண்டும்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைத்துவிடலாம். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அதில் எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளின் இதய அமைப்பில் ஏதோ ஒரு குறை இருக்கும். இது உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவுதான். இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். இவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் முதல் வருஷத்துக்குள்ளேயே பெரிய சிகிச்சை தேவைப்படும். ஊரில் எல்லாவற்றையும் “இதயத்துல ஓட்டை” என்ற ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். சின்ன ஓட்டைகளில் பல தானாகவே மூடிக்கொள்ளும். அந்தக் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. இங்கே பேசுவது மற்றவர்களைப் பற்றி: உதடும் நகமும் நீலம் பாரித்துப் பிறந்தவர்கள், கைக்குழந்தையிலேயே திறந்த இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவர்கள்.

வயிற்றுக்குள்ளேயே தொடங்கும் கதை

நெடுநாள்வரை டாக்டர்களே இப்படித்தான் நினைத்தார்கள்: இதயம் கெட்டால் இதயம் மட்டும்தான் கெடும், மூளைக்கு ஏதாவது ஆனால் அது ஆபரேஷன் மேஜையில் ஆனதாகத்தான் இருக்கும். இந்த எண்ணம் மாறியதற்குக் காரணம், குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் மூளையைப் படம் எடுத்துப் பார்க்கும் வசதி வந்ததுதான்.

கருவுக்கு நுரையீரல் வேலை செய்வதில்லை. ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் நஞ்சுக்கொடி வழியாக வந்து இதயத்தின் வலது மேல் அறைக்குள் நுழைகிறது. அங்கிருந்து அது எங்கே போக வேண்டும் என்பதில்தான் இயற்கையின் நுட்பம் இருக்கிறது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம்: வருகிற தண்ணீர் எந்த வயலுக்கு முதலில் பாய வேண்டும் என்பதை மடை தீர்மானிக்கிறது. கருவின் இதயத்தில் இரண்டு மேல் அறைகளுக்கும் நடுவே ஒரு திறப்பு இருக்கிறது. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் நல்ல ரத்தம் பெரும்பாலும் அதன் வழியாக இடப்பக்கம் திரும்பி, பெருந்தமனி ஏறி, நேராக மூளைக்குப் போகிறது. மூளை பயன்படுத்தித் திருப்பி அனுப்பிய ரத்தம் வேறு வழியாக உடம்பின் கீழ்ப்பகுதிக்கும் நஞ்சுக்கும் இறங்குகிறது. முதல் பங்கு மூளைக்கு என்பது பிறக்கும் முன்பே போட்ட ஏற்பாடு.

இதய அமைப்பு மாறிப்போனால் இந்த ஏற்பாடும் மாறிப்போகிறது. பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறி முளைத்த குழந்தைக்கு, நல்ல ரத்தம் கீழே போய்விடுகிறது. பயன்படுத்திய ரத்தம் மூளைக்கு ஏறுகிறது. இடப்பக்க இதயமே வளராமல் சிறுத்துப்போன குழந்தைக்கு, மூளைக்கான ரத்தம் சுற்றுவழியில் பின்னோக்கி ஓடித்தான் சேர வேண்டும். ரத்தம் போகத்தான் செய்கிறது. அளவும் தரமும் குறைகிறது.

குறைவது எந்த மாதங்களில் என்பதையும் பார்க்க வேண்டும். ஏழாம் மாதம் தொடங்கிப் பிறப்பு வரைக்கும் மூளை அசுர வேகத்தில் வளர்கிறது. அதுவரை பெரும்பாலும் வழவழவென்று இருந்த மேற்பரப்பில் மடிப்புகள் விழுகின்றன. நரம்பு இழைகளைச் சுற்றி உறை போடப்போகும் செல்கள் பெருகுகின்றன. இந்தச் செல்கள் ஆக்ஸிஜன் பற்றாக்குறையைத் தாங்காதவை. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கேத்தரின் லிம்பெரோபௌலஸ் குழுவினர், இதயக் கோளாறுள்ள கருக்களையும் மற்றக் கருக்களையும் எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோது, இந்தக் கடைசி மூன்று மாதங்களில்தான் மூளையின் அளவில் இடைவெளி விரிந்துகொண்டே போவதைக் கண்டார்கள். 2015இல் டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள், அப்படிப்பட்ட கருவின் மூளை எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜனே குறைவு என்று காட்டினார்கள். இதற்கு முன்பே, 2009இல், பத்து மாதம் நிறைந்து பிறந்த இதயக் கோளாறுக் குழந்தைகளின் மூளையை ஆபரேஷனுக்கு முன்னால் படம் எடுத்த வேறொரு குழு, அது ஏறக்குறைய ஒரு மாதம் முந்திப் பிறந்த குழந்தையின் மூளையைப் போல இருக்கிறது என்று எழுதியிருந்தது.

பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளை, குறைமாதப் பிள்ளையின் மூளையோடு பிறக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு என்னென்ன கவனிப்பு வேண்டும் என்பதில் நமக்கு இன்று தெளிவு இருக்கிறது. இந்தக் குழந்தை எடை நிறைந்து பிறப்பதால் அந்தக் கவனிப்பு யாருக்கும் தோன்றுவதில்லை.

பாஸ்டனில் பதினாறு வருஷம்

1988க்கும் 1992க்கும் இடையில் அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில், தமனிகள் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகளைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கியது. ஜேன் நியூபர்கர், டேவிட் பெல்லிங்கர் முதலானோர் நடத்தியது. பச்சைக் குழந்தையின் இதயத்தைத் திறக்க உடம்பை நன்றாகக் குளிரவைத்து ரத்த ஓட்டத்தை முற்றிலும் நிறுத்துவது ஒரு முறை. இயந்திரத்தின் வழியாகக் குறைந்த அளவில் ஓடவிடுவது இன்னொரு முறை. எது மூளைக்கு நல்லது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலைவிட, அவர்கள் செய்த இன்னொரு காரியம் பெரிது. பிள்ளைகளை விட்டுவிடாமல் ஒரு வயதில், நான்கு வயதில், எட்டு வயதில், பதினாறு வயதில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதினாறு வயதில் தெரிந்தது இது: இரண்டு முறைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அவர்களின் சராசரி அறிவுத்திறன் இயல்பை ஒட்டியே இருந்தது. ஆனால் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்கள் வளர்ந்த காலத்தில் ஏதாவது ஒரு கட்டத்தில் படிப்புக்கோ நடத்தைக்கோ தனி உதவி பெற வேண்டியிருந்தது. திட்டமிடுவது, கவனத்தைப் பிடித்துவைப்பது, ஒரு படத்தைப் பார்த்து அதன் பகுதிகளைச் சேர்த்து வரைவது, எதிரில் இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பது ஆகியவற்றில் தடுமாற்றம் இருந்தது.

நம் வகுப்பறையில் இதற்கு என்ன பெயர் வைப்போம் என்று யோசித்துப் பாருங்கள். கரும்பலகையில் இருப்பதைப் பாதி எழுதிவிட்டு நிற்கிறவன். இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் ஒன்றை மறக்கிறவள். கணக்குத் தெரிந்தும் பரீட்சையில் நேரம் போதாதவன். “சேட்டை”, “மறதி”, “சோம்பேறி”, கடைசியில் “மக்கு”. அந்தப் பெயர்களை வாங்கிக்கொண்டு வளரும் பிள்ளையின் இதயத்தைக் காப்பாற்ற எத்தனை பேர் இரவு பகலாக நின்றிருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

தாயைக் குற்றம் சொல்லாதீர்கள்

“கிரகணத்தன்னைக்கு வெளியே வந்தியா?” என்று கேட்கும் வழக்கம் தாமிரபரணிக் கரையில் இன்னும் ஒழியவில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பெரும்பாலான குழந்தைகளில் காரணம் இன்னதென்று சுட்டிக்காட்ட முடியாது. சில குழந்தைகளில் இதயத்தையும் மூளையையும் ஒரே மரபணு மாற்றமே பாதித்திருக்கும். டவுன் சிண்ட்ரோமோடு பிறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு உண்டு. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்துகொள்வது இந்தியாவிலேயே தமிழ்நாட்டில்தான் மிக அதிகம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் அது 28 சதவீதமாக இருந்தது. இதனால் இதயக் குறைக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அப்படி மணந்தவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகளே பிறக்கின்றன என்பதும் உண்மை. ஏற்கனவே ஒரு பிள்ளைக்குக் குறை இருந்தால் அடுத்ததற்கு முன் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது. வசைபாடுவதற்கு இந்தச் சதவீதத்தை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தடுக்கக்கூடிய காரணம் ஒன்று பளிச்சென்று இருக்கிறது: ருபெல்லா. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இந்தக் காய்ச்சல் வந்தால் குழந்தையின் கண், காது, இதயம், மூளை நான்கையும் தாக்கக்கூடும். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக்தான் இதை முதலில் உலகுக்குச் சொன்னார். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தட்டம்மை–ருபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்ததும், பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தியதும் நினைவிருக்கலாம். அன்று ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகள் இன்று தாயாகும் வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

நாள் முக்கியம்

குறை எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு ஆக்ஸிஜன் மூளைக்கு மிச்சம். தமனி இடம் மாறிய குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஆபரேஷன் நடந்தால் நல்லது. தள்ளிப்போகப் போக மூளை வளர்ச்சி பின்தங்குகிறது என்பதை டொரன்டோவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வும் சொல்கிறது.

ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயத்தின் நான்கு அறைகளை மட்டும் பார்த்தால் போதாது. வெளியேறும் இரண்டு தமனிகளையும் பார்க்க வேண்டும். தமனி மாறிய இதயத்தில் நான்கு அறைகளும் அழகாகத்தான் தெரியும். அங்கே தப்பினால் பிறந்த பிறகு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்தான். குழந்தைக்கென்று உள்ள உணரியை வலது கையிலும் ஒரு காலிலும் வைத்து, பிறந்த 24 மணி நேரத்துக்குப் பிறகு பார்க்க வேண்டும். 95க்குக் கீழே நின்றால் விடக்கூடாது. சில நிமிட வேலை. அமெரிக்கா 2011இல் இதை எல்லாக் குழந்தைகளுக்குமான பரிசோதனைப் பட்டியலில் சேர்த்தது. டிஸ்சார்ஜுக்கு முன் “கையிலயும் கால்லயும் ஆக்ஸிஜன் பாத்தாச்சா சிஸ்டர்?” என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது.

அதுவும் தவறினால் அடையாளம் தாயின் கண்ணில்தான் படும். “பால் குடிக்கையில நெத்தியெல்லாம் வேர்க்கு”, “ரெண்டு வாய் குடிச்சதும் களைச்சுப் போகுது”, “அழுதா ஒதடு கருத்துப் போகுது”. இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் எக்கோ எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நீலம் பாரித்த குழந்தையை நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மிகவும் கவனிக்க வேண்டும். ஆக்ஸிஜன் குறைவை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டியிருக்கும். ரத்தம் கெட்டியாக இருக்கும். வாந்தி பேதியால் நீர் வற்றினால் மூளை ரத்தக்குழாயில் அடைப்பு வரலாம். ஹீமோகுளோபின் 16 என்று சீட்டில் பார்த்து “ரத்தம் நல்லா இருக்கு” என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அந்த அளவிலும் இரும்புச்சத்துக் குறைவு ஒளிந்திருக்கும், அது ஆபத்தைக் கூட்டும். இரண்டு வயதைத் தாண்டிய இத்தகைய குழந்தைக்குக் காய்ச்சலும் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் மூளையில் சீழ்க்கட்டி இருக்குமோ என்று பார்க்க வேண்டும். நுரையீரல் வடிகட்ட வேண்டிய கிருமி, இதயத்தின் குறுக்குவழியில் நேராக மூளைக்குப் போய்விடுவதால் வரும் கேடு அது. சொத்தைப் பல்லும் காதில் வடியும் சீழும்கூட இவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

பாயில் விடுங்கள்

ஆபரேஷன் சென்னையிலோ, மதுரையிலோ, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவிலோ நடக்கிறது. 2008இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச இதய அறுவை சிகிச்சைத் திட்டத்தையும், அடுத்து காப்பீட்டுத் திட்டத்தையும் கொண்டுவந்த தமிழ்நாட்டில், பணமில்லாததால் மட்டும் பிள்ளையை இழக்கும் நிலை வெகுவாக மாறியிருக்கிறது. இது சாதாரண சாதனை அல்ல. தையல் ஆறி, பிள்ளை பத்தமடைக்கு வந்துவிடுகிறது.

வந்ததும் வீடே அதைச் சுற்றி வேலி கட்டிவிடும். நெஞ்சைப் பிளந்து தைத்த பிள்ளை ஆயிற்றே! குப்புறப் போடமாட்டார்கள். அழவிடமாட்டார்கள். தரையில் விடமாட்டார்கள். பத்தமடையில் பாய் முடையும் வீடுகளில் அம்மாவின் இரண்டு கையும் நாளெல்லாம் கோரையிலும் பாவு நூலிலும் இருக்கும். சேலைத் தொட்டிலில் மல்லாந்து கிடப்பதுதான் பிள்ளைக்கும் பத்திரம் என்று தோன்றும். அன்பினால் செய்வதுதான். ஆனாலும் கழுத்தும் தோளும் உறுதிப்படாமல் போய், உட்காருவது தள்ளிப்போய், தவழ்வது இல்லாமலே போகிறது. மூளை கற்றுக்கொள்வது கையும் காலும் அசைவதால்தான்.

பொதுவாக மார்பெலும்பு கூடுவதற்கு ஆறு வாரம் போல ஆகும். அதுவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. கழுத்துக்கும் இடுப்புக்கும் அடியில் கைவைத்து அள்ளி எடுக்க வேண்டும். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, கோரைப் பாயை விரித்துக் கண் பார்வையில் குப்புறப் போடுங்கள். ஒரு நாளில் பல முறை, சில சில நிமிடம். அழுதால் எடுங்கள், மறுபடி போடுங்கள். முடைந்துகொண்டே பேசுங்கள், கோரைக்கு ஏற்றும் சாயத்தின் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள். வாய்வழி ஊட்டாமல் குழாயில் பால் கொடுத்து வளர்ந்த பிள்ளைக்கு மெல்லவும் விழுங்கவும் தனியாகப் பழக்க வேண்டியிருக்கும். அதே வாய்த்தசைதான் பேச்சுக்கும்.

ஒரே அட்டையில் இரண்டு கட்டம்

2013 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வருகின்றன. பிறப்பு முதல் 18 வயது வரை 30 வகைக் குறைகளைத் தேடுகிறார்கள். பிறவிக் குறைகள் என்ற தலைப்பின் கீழ் இதயக் கோளாறு இருக்கிறது. வளர்ச்சித் தாமதம் என்ற தலைப்பின் கீழ் பேச்சுத் தாமதம், இயக்கத் தாமதம், கற்றல் குறைபாடு, கவனக்குறைவு எல்லாம் இருக்கின்றன. ஒரே பட்டியல், இரண்டு கட்டம்.

நான் கேட்பது இதைத்தான்: முதல் கட்டத்தில் டிக் விழுந்த பிள்ளைக்கு இரண்டாவது கட்டமும் தானாகவே திறக்க வேண்டும். குழந்தையிலேயே இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தால், தாமதம் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்காமல், ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் ஒரு முறை, மூன்று முதல் ஐந்து வயதுக்குள் ஒரு முறை, பதினொன்று பன்னிரண்டில் ஒரு முறை முழு வளர்ச்சிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்க இதயக் கழகம் 2012இலேயே பரிந்துரைத்தது. நமக்கு இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் இதே திட்டத்தின் கீழ் உருவானவைதான். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் என்று ஒரே இடத்தில் பார்க்கும்படி வகுக்கப்பட்ட அமைப்பு அது. இதய மருத்துவமனை கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே இன்னும் ஒரு வரி: “வளர்ச்சிப் பரிசோதனைக்கு இந்தத் தேதியில் மாவட்ட மையத்துக்குச் செல்லவும்.” அவ்வளவுதான்.

பத்தமடைப் பெண், முடைகிற பாயை நிறுத்திவிட்டு வாரம் இருமுறை டவுனுக்குப் பஸ் ஏற முடியுமா என்பது நியாயமான கேள்வி. அதற்கும் நம் பக்கத்திலேயே ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். தென்காசி அருகே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர்சேவா சங்கம், வளர்ச்சித் தாமதம் உள்ள சிறு குழந்தைகளுக்கு அவர்களின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருகிறது. கிராமத்துப் பெண்களையே பணியாளர்களாகப் பயிற்றுவித்து, தாய்க்குச் சொல்லிக்கொடுத்து, கைபேசிச் செயலியில் குழந்தையின் முன்னேற்றத்தைக் குறித்துக்கொண்டு, தூரத்தில் இருக்கும் நிபுணர்களோடு இணைக்கிறார்கள். இதய ஆபரேஷன் முடிந்து வரும் பிள்ளைக்கும் வேண்டியது இதேதான்: வீடு தேடி வரும் ஒரு கை, கைவிடாமல் குறித்துக்கொண்டே வரும் ஒரு கண்.

பள்ளிக்கூடத்தில் செய்யக்கூடியது இன்னும் எளிது. முன்வரிசையில் உட்காரவைப்பது. ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்வது. எழுதக் கூடுதல் நேரம் தருவது. கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு. ஆனால் பிள்ளைக்கு இதய ஆபரேஷன் நடந்ததைப் பல பெற்றோர் பள்ளியில் சொல்வதே இல்லை. பெண் பிள்ளையானால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும் என்ற பயத்தில் சொந்தக்காரர்களிடமே மறைக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தலைமை ஆசிரியரிடமாவது தனியாகச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்தால்தான் டீச்சர் வேறு கண்ணோடு பார்ப்பார்.

2008 வாக்கில் பள்ளிச் சிறுவர்களாக ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இன்று இருபது வயதைத் தாண்டி வேலையில் இருக்கிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களில் சிலருக்குக் கவனம் சிதறலாம், வேலையை ஒழுங்குபடுத்த முடியாமல் தவிக்கலாம், காரணமில்லாத பதற்றமோ மனச்சோர்வோ இருக்கலாம். இதைத் தங்கள் குணம் என்று நினைத்துக்கொண்டு சுமப்பவர்களும் இருப்பார்கள். இதைப் படிக்கிற நீங்கள் அவர்களில் ஒருவரானால், பீரோவில் இருக்கும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். அடுத்த முறை எக்கோவுக்குப் போகும்போது அதைக் கொண்டுபோய், படபடப்பையும் மூச்சிரைப்பையும் சொல்வதுபோல, ஞாபகத்தையும் தூக்கத்தையும் மனதையும் பற்றி அதே டாக்டரிடம் சொல்லுங்கள்.